கம்பியில் இருந்த பிள்ளை

கோண்டாவில் சந்திக்கு அங்காலை
கம்பியிலை கருகித் தொங்கினது தாய்.
லைனை நிப்பாட்டிப்போட்டு ஏறினன்.
செட்டைக்குள்ளை இன்னுமொண்டு,
முலையைக் கவ்வினபடி,
உயிரோடை.

ஹெல்மெட்டுக்குள்ளை வைச்சுக் கொண்டுவந்தன்.
"சீ, வௌவாலோ!" எண்டாள் அருந்தவமலர்.
பிறகு அவள்தான்
ஆட்டுப்பாலை இளஞ்சூடாக்கி
கண்மருந்துக் குழாயாலை
சொட்டுச் சொட்டாய்,
ரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால்,
மாசிப் பனியிலை, ராராவாய்.

பழஞ்சாரத் துண்டாலை இறுக்கிச் சுத்தினால்தான் அதுக்கு நித்திரை.
கொடியிலை தலைகீழாய்,
என்ரை யூனிபோமுக்குப் பக்கத்திலை.

ஆனியிலை கறுத்தக்கொழும்பான் தின்னப் பழகிச்சுது.
"மாங்காய்க் கள்ளனையெல்லே வளக்கிறியள்"
எண்டார் பக்கத்துவீட்டுத் தில்லையம்பலத்தார்.
அடுத்தநாள்
அணில் கோதின பழம் ரண்டு
வேலிக்கு மேலாலை வந்துது.

பறக்க ஆர் பழக்கிறது?
அறைக்குள்ளை தானே
சுவரிலை அடிபட்டு, விழுந்து,
சீலையிலை தொத்தி,
திரும்பவும்.

ஒருநாள் பொழுதுபட யன்னலைத் திறந்துவிட்டம்.
போச்சுது.
அவள் ஒண்டும் கதைக்கேல்லை,
குழாயைக் கழுவிக் கவிட்டு வைச்சாள்.

நான் ஒழுங்கைக்கு வந்து
அண்ணாந்து பாத்துக்கொண்டு நிண்டன்.
மதவடி மட்டும் கம்பி.
எல்லாம் நான் இழுத்தது.