இம்முறை கை நழுவவில்லை

டுலூத் நகரில் இரவு பதினொன்றரை.
வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
ஏரி உறைந்துவிட்டது. துறைமுக விளக்கு
யாருக்காக எரிகிறதோ, எரிகிறது.
நான் டிக்கெட் கிழிப்பவன்.
படம் முடிந்தால் பெருக்குபவனும் நானே.

இருபத்தெட்டு வருடம் கழித்துக்
கலங்கரை வீரன் வந்திருக்கிறான்,
மறுபடியும் பிறந்து, மறுபடியும் வளர்ந்து.
மஞ்சள் அங்கி போயே போய்விட்டது.
கரி அப்பினாற்போல் ஒரு கவசம்.
நெற்றி விளக்கோ
சுவிட்சைப் போட்டதும் யோசிக்கிற பழைய டியூப்லைட்டாக
இரண்டு முறை துடித்துவிட்டுத்தான் எரிகிறது.

கதவைத் திறந்தேன்,
கூட்டம் இரண்டாய் வெளியே வந்தது.
பனிக்காலணி மாட்டக் குனிந்தவர்கள்
குனிந்தபடியே கத்தினார்கள்:
“அங்கி இல்லாமல் அவன் எப்படி அவன்?”
“அங்கியா பறந்தது? அவன்தானே பறந்தான்!”
பழைய கள், புது மொந்தை என்றது ஒரு கட்சி.
மொந்தைதான் பழசு,
கள் இன்றைக்கு இறக்கியது என்றது மறு கட்சி.

பல் ஆஸ்பத்திரி மெர்லின் ஓஸ்த்பி
தன் கையால் தைத்த மஞ்சள் அங்கியைச்
சுருட்டிக் கோட்டுக்குள் திணித்தாள்,
சாவு வீட்டுக்குப் பட்டுடுத்தி வந்துவிட்டவளைப் போல.
பதினாறு வயது டாரியஸ் மட்டும்
யாரிடமோ மெதுவாகச் சொன்னான்:
“இவனுக்கு பயமாக இருக்கிறது. எனக்கு அது பிடித்திருந்தது.”
அவன் பழைய படம் பார்த்ததில்லை.
அவனிடமிருந்து யாரும் எதையும் எடுத்துவிடவில்லை.

துடைப்பத்தோடு உள்ளே போனேன்.
ஏழாவது வரிசையில் இருவர் எழவேயில்லை.
வெர்ன் ஹக்காலா. அவன் அக்கா லொரெய்ன்.
நடுவில் ஒரு காலி நாற்காலி,
அதன்மேல் இருவரின் கோட்டும்.

சங்கதி நாற்பதாவது நிமிடத்தில் இருக்கிறது.
பழைய படத்தில் பனித்தரை பிளக்கும்,
தம்பி தண்ணீருக்குள் போவான்,
வீரனின் கையில் ஒரு கையுறை மட்டும் மிஞ்சும்.
அங்கி, விளக்கு, வீரம்
எல்லாம் அந்த ஒற்றைக் கையுறையில் பிறந்தவை.
புதிய படத்தில் கை நழுவவில்லை.
தம்பி இருமுகிறான்.
எழுந்து உட்கார்ந்து, “என் ஷூ எங்கே?” என்கிறான்.
அரங்கில் பாதி சிரித்தது.
பாதி கெட்ட வார்த்தை சொன்னது.

டீன் ஹக்காலா ஒன்பது வருடம் முன்பு
ஒரு மார்ச் மாதம்
மீன்பிடிக் குடிசையோடு உள்ளே போனான்.
ஊருக்கே தெரியும். யாரும் பேசுவதில்லை.
மூன்று பேரும் சின்ன வயதில்
இதே வரிசையில் உட்கார்ந்து
பழைய வீரனுக்கு விசிலடித்தவர்கள்.

“திருடிவிட்டார்கள்” என்றான் வெர்ன்.
“நழுவிய பிறகும் ஒருத்தன் எழுந்து நடந்தான் இல்லையா,
அதைப் பிடித்துக்கொண்டுதான் நான் இத்தனை நாள்...”
முடிக்கவில்லை.
“ஒரு தடவை” என்றாள் லொரெய்ன்.
“எங்கேயாவது ஒரு தடவை
அவன் இருமிவிட்டு எழட்டுமே. உனக்கென்ன போகிறது?”

எனக்கு அபிப்பிராயம் உண்டு.
பெருக்குகிறவனிடம் யாரும் கேட்கவில்லை.
அவர்கள் கால்களைச் சுற்றிப்
பாப்கார்னைக் கூட்டிக்கொண்டு
எட்டாவது வரிசைக்குப் போனேன்.

பூட்டிவிட்டு வந்தபோது
வாகன நிறுத்தத்தில் ஒரே வெளிச்சம்.
வெர்னின் டிரக் பேட்டரி செத்திருந்தது.
அக்காவின் காரோடு முட்டுகிறாற்போல் நிறுத்தி,
சிவப்பு முனை அவள் கையில்,
கறுப்பு முனை அவன் கையில்,
வாயிலிருந்து புகையாகச்
சண்டை இன்னும் போய்க்கொண்டிருந்தது.
“அது அவன் கதை இல்லை!”
“கவ்வியைச் சரியாகப் பிடி, வெர்ன்.”

ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்கு
இருவரும் வந்தார்கள்,
சொல்லிக்கொள்ளாமல், வேறு வேறு வரிசையில்.
நாற்பதாவது நிமிடம் நெருங்கியதும்
வெர்ன் வெளியே வந்து
என் பக்கத்தில் நின்று
ஜன்னல் வழியே ஏரியைப் பார்த்தான்.
உள்ளே யாரோ இருமும் சத்தம் கேட்டது.
“ஷூ கிடைத்ததா?” என்றான்.
“இன்னும் தேடுகிறான்” என்றேன்.