இருபத்தாறு எம்பி இருட்டு

அனுப்பிப் பார்த்து, போகாமல்,
ஒட்டுசுட்டானுக்கே வந்து
போனை என் மேசையில் வைத்துவிட்டுப் போனா
இராசமலரக்கா.

ஒரே கறுப்பு.
முத்தையன்கட்டு வயல், விடியப்புறம் மூன்று மணி,
யானை நிற்குதாம்.

ஜேபெக் என்றால் கைவிரித்திருப்பேன்.
அது இருட்டைக் கட்டம் கட்டமாய் அள்ளி
ஒன்றுமில்லை என்று மூடிவிடும்.
பிறகு எவ்வளவு வெளிச்சம் இழுத்தாலும்
சாம்பல் சதுரங்கள்தான்.

மகன் கட்டாருக்குப் போகமுதல்
எதையோ தட்டி வைத்திருக்கிறான்.
இது டிஎன்ஜி.
கமரா கண்டதைத்
தீர்ப்பெழுதாமல் வைத்திருக்கிறது.

ஒரு நூல் கூட்டினேன்:
வரம்பு.
இன்னும் ஒரு நூல்:
சாய்ந்த நெல்,
தும்பிக்கையில் பாதிக் கதிர்,
வயிற்றின் கீழே
அக்கா சொல்லாத ஒரு குட்டி.

நட்டஈட்டுப் படிவம் கேட்கிறது:
ஜேபெக் மட்டும். ஒரு எம்பிக்குள்.

தரம் எண்பது. யானை தெரிகிறது.
எழுபது. யானை தெரிகிறது.
அறுபதில்
குட்டியின் காது வரம்போடு கரைந்தது.
அனுப்பினேன். கணக்குக்கு யானை போதும்.

போனில் இடமில்லை, அழித்துவிடு
என்று சொல்லியிருந்தா.
அழித்தேன்,
என் கணினியில் ஒன்றை
இருட்டோடேயே
எடுத்து வைத்த பிறகு.