கண்ணில் விளக்கெண்ணெய்

நீடாமங்கலத்தில் கேட் போட்டாயிற்று.
சரக்கு வண்டியின் எஞ்சினைக் கழற்றி
மறுமுனையில் மாட்டுகிற வரைக்கும்
நெல் லாரிகள் இரண்டு பக்கமும் உறுமிக்கொண்டே நிற்கும்.
அதற்குள் ஒரு பந்தய எஞ்சினை
முழுக்க வடியவிட்டுவிடலாம்.

நேற்று ஜெயித்த எஞ்சின்.
நூற்று அறுபத்தைந்து சிசி, ஒற்றைச் சிலிண்டர்.
வடிகால் போல்ட்டைத் தளர்த்தினால்
ஆறிக் கிடந்தும் தண்ணீராக இறங்குகிறது.
நைனா கேட்டு வாங்கிய மெல்லிசு.
"அக்கா, கெட்டி எண்ணெய் பிடிச்சு இழுக்குது,
நேர் ரோட்டுல அரைக் குதிரை குறையுது."
குறையத்தான் செய்யும்.
பதினோராயிரம் சுற்றில் எண்ணெயும் ஒரு சேறு,
மிதித்துத்தான் நடக்க வேண்டும்.

ஊற்றினேன்.
சுற்றுக்குக் கால் நொடி மிச்சம்.
முன் சக்கரத்தின் அகலத்தில் ஜெயித்தான்.

பந்தய எண்ணெய் பேச வருகிறவர்கள்
டப்பாவின் நிறத்தைப் பேசுவார்கள்.
எனக்குத் தெரிந்தது பாசனம்.
பம்ப்தான் மேட்டூர்.
கிராங்க் தலைமடை.
உச்சியில் கேம்ஷாஃப்ட் கடைமடை,
ஸ்டார்ட் செய்த முதல் நொடியில்
அங்கே ஒரு சொட்டும் வந்திருக்காது,
மனு எழுதிப் போடவும் ஆபீஸ் கிடையாது.
அதைக்கூடச் சமாளிக்கலாம்.
வாய்க்காலே இல்லாத ஓர் இடம் இருக்கிறது:
கனெக்டிங் ராடின் சின்னக் கண்.
பிஸ்டனைத் தாங்குகிற வளையம்.
அது மானாவாரி.
கிராங்க் சுழன்று அடிக்கிற சாரலில்
விழுந்ததைக் குடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

கிளட்ச்சும் இதே குளத்தில்தான் குளிக்கிறது.
கண்ணுக்கு வழுக்க வேண்டும்,
கிளட்ச்சுக்கு வழுக்கக் கூடாது.
இரண்டு ஊருக்கும் ஒரே வாய்க்கால் என்றால்
சண்டை வராமல் இருக்குமா.

அந்தக் காலத்துப் பந்தயங்களில் ஆமணக்கெண்ணெய்தான் ஊற்றினார்களாம்.
எந்தச் சூட்டிலும் இரும்பை விடாமல் பற்றிக்கொள்ளும்,
ஓட்டம் முடிந்ததும் பிசினாகிப் பழிவாங்கும்.
இங்கே உதவாத ஆளை
விளக்கெண்ணெய் என்று திட்டுகிறோம்.
விலை கூடின டப்பாக்கள் சிலவற்றில்
அதன் வாரிசு இன்றைக்கும்
வேறு பெயரில் உட்கார்ந்திருக்கிறது.

ஃபில்டரை வெட்டி, மடிப்பு மடிப்பாகப் பிரித்து
டியூப் லைட்டுக்கு அடியில் பிடிக்கிறேன்.
மினுக்கு.
காந்தத்துக்கு அசையவில்லை.
அலுமினியத்தின் வெள்ளையும் இல்லை.
வெண்கலம்.
சின்னக் கண்ணின் புஷ் அரைபட்டிருக்கிறது.
கொடி இன்னும் மூன்று சுற்று தாமதித்திருந்தால்.

கூத்தாநல்லூரில் மாலை போட்டு போட்டோ எடுத்திருக்கிறார்கள்.
கோப்பையை ஹெல்மெட் பையில் திணித்துக்கொண்டு
மதியம் வந்தான். தட்டைக் காட்டினேன்.
குனிந்து பார்த்தான். இருபத்திரண்டு வயது.
"ஜரிகை மாதிரி இருக்குல்லக்கா."
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
அப்புறம்,
"அடுத்ததுக்கும் இதையேதான ஊத்துவீங்க?"

அறுவடை மிஷின் டிரைவர், ஆத்தூர்க்காரர்,
செயினுக்குப் பழைய ஆயில் கேட்டு நிற்கிறார்.
நூறு கிலோமீட்டர்கூட ஓடாதது என்றேன்.
விரலில் தொட்டு மோந்து பார்த்தார்.
"இதையா கழிச்சிட்டீங்க?"
வெண்கலத் தூள் கலந்திருக்கிறது என்றேன்.
செயினுக்குக் கண்ணு தெரியாதும்மா என்று
கேனை நீட்டினார்.

புஷ்ஷைப் பிடுங்கிப் புதியதை இறக்கியாயிற்று.
எண்ணெய் அதே மெல்லிசுதான்.
நைனாவுக்காக என்று சொல்லிக்கொள்கிறேன்.
கால் நொடி எனக்கும் வேண்டியிருக்கிறது.

ராடின் உச்சியில் சாரல் இறங்க ஒரு துளை உண்டு.
கடுகு நுழையும்.
மிளகு நுழையுமளவுக்குக் குடைந்தால்
ராடு அந்த இடத்திலேயே பிளக்கும்.
மறுபடி கேட் போடுகிறார்கள்,
லாரிகள் உறுமத் தொடங்கிவிட்டன,
மேஜை லேசாக அதிர்கிறது.
டிரில்லைப் பிடித்திருக்கிறேன்.
கடுகுக்கும் மிளகுக்கும் நடுவில்
எங்கேயோ நிறுத்த வேண்டும்.