மூடாத பிழை

துவாஸ் முனையில் இந்த மண்ணுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.
மூன்று வருடத்துக்கு முன்பு இது கடல்.
வரைபடத்தில் நீலத்தை அழித்துப்
பழுப்பு பூசியவர்களில் நானும் ஒருத்தி.
வாரத்துக்கு மூன்று மில்லிமீட்டர் அமிழ்கிறது;
அதை எழுதத்தான் எனக்குச் சம்பளம்.

இரவில் அளப்பது நல்லது, வெயில் காற்றை நெளிக்காது.
முக்காலியை ஊன்றி, குமிழியை நடுவில் நிறுத்தி
லேசரை அனுப்பினால்
எதிர்முனையில் ரோஸ்மான் பிடித்திருக்கும் கண்ணாடியைத் தொட்டுத்
திரும்பி வந்து தூரத்தைச் சொல்லும்.
ஒளியின் வாய்ச்சொல்லை நம்பிப் பிழைக்கும் கூட்டம் நாங்கள்.

வானத்தை அளந்தவர்களுக்கு
அங்கே கண்ணாடி பிடிக்க ஆளில்லை.
வந்த ஒளி மட்டும்தான்.
மணிக்கூலிக்குப் புகைப்படத் தகடுகளை உற்றுப் பார்த்த ஒருத்தி
மெல்லத் துடிக்கும் விண்மீன்
அதிகமாய் எரிகிறது என்று கண்டாள்.
அவ்வளவுதான். அளவுகோல்.

அந்தக் கோலை எடுத்துப் போனவர்கள்
மேகமென்று நினைத்தது வேறொரு ஊர் என்றார்கள்.
ஊர்களெல்லாம் சிவந்தபடி விலகுகின்றன என்றார்கள்.
காகிதத்தில் அது முன்பே வந்திருந்தது;
வானம் அசையக் கூடாதென்று
சமன்பாட்டுக்கு முட்டுக் கொடுத்த கை
பிறகு தானே அந்த முட்டை உருவிப் போட்டது.

முதல் கணக்கில் பிரபஞ்சத்துக்குப்
பூமியின் பாறைகளைவிட வயது குறைவு.
தாயைவிட மகள் மூத்தவள்!
எங்கள் அலுவலகம் என்றால் திருமதி குவெக்
சிவப்பு மையில் வட்டமிட்டு
மறுபடி அள என்று திருப்பியிருப்பார்.
அவர்களும் மறுபடி அளந்தார்கள்.
எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.
கோலிலேயே கோளாறு: ஒரே மாதிரித் துடிப்பவை இரண்டு வகை.

பிறகு அந்த முனகல்.
கொம்பு போன்ற ஆன்டெனாவை எங்கே திருப்பினாலும் ஒரே சத்தம்.
புறா எச்சம் என்று சுரண்டினார்கள், புறாக்களையும் விரட்டினார்கள்.
(நம்மூர் மைனாக்கள் என்றால் போயிருக்குமா?)
முனகல் போகவில்லை.
ஆதியின் சூடு, ஆறி ஆறி
ஐஸைவிடக் குளிர்ந்த பிறகும் ஊமையாகவில்லை.
பழைய டிவியின் புள்ளிமழையில் ஒரு சிட்டிகை அதுதானாம்.
ரோஸ்மான் பேசி முடித்ததும்
வாக்கிடாக்கியில் வரும் கரகரப்பில்
இருக்குமோ என்று காது வைக்கிறேன்.

பீச் ரோட்டில் பீச் இல்லை.
பெயர் நின்றுவிட்டது, கரை நடந்துவிட்டது.
இதைத்தான் எல்லாருக்கும் உவமையாகச் சொல்லிவந்தேன்,
இப்போது எனக்கே ஒத்துவரவில்லை.
நம் தீவு வளர எங்கோ ஒரு குன்று மட்டமாக வேண்டும்,
எங்கோ ஓர் ஆறு தோண்டப்பட வேண்டும்;
படகு படகாக மணல், ரசீதோடு.
அதற்கு யாரும் மணல் கொண்டுவரவில்லை.
நிரப்ப ஒரு கடலும் இல்லை.
வெளிக்குள்ளிருந்தே வெளி.

இன்னொரு சங்கடமும் உண்டு.
ஆதி முனகலிலிருந்து கணக்கிட்டால் விரிவு அறுபத்தேழு.
துடிக்கும் விண்மீனிலிருந்து படியேறி வந்தால் எழுபத்து மூன்று.
சுற்றி அளந்துவிட்டு
கிளம்பிய கல்லுக்கே வந்து நிற்க வேண்டும், எங்கள் தொழிலில்.
நிற்காமல் தவறிய தூரம் மூடாத பிழை.
எட்டு மில்லிமீட்டர் என்றால்
எல்லாப் புள்ளிக்கும் பங்கு போட்டு ஆற்றிவிடுவோம்.
அவர்கள் பங்கு போடவில்லை.
திறந்தே வைத்திருக்கிறார்கள், புண்ணைப் போல, கதவைப் போல.

"மங்கை, அது எந்த இடத்தில் வெடித்ததாம்?"
கல் நட இடம் கேட்டே பழகிய மனிதர் ரோஸ்மான்.
உங்கள் காலடியில் என்கிறேன். என் காலடியிலும்.
நங்கூரமிட்ட அந்தக் கப்பலிலும்.
அவர் நிஜமாகவே குனிந்து பார்க்கிறார்.
மணல். எந்த ஆற்றுச் சிப்பியோ ஒன்று.

மூன்று என்று எதிர்பார்த்தேன்,
இரண்டே முக்கால் காட்டுகிறது.
குமிழி நடுவில்தான் இருக்கிறது.
கொஞ்சம் அசையாமல் நில்லுங்கள், ரோஸ்மான்.