கட்டம் மூன்று

முப்பது வருடத்துக்கு ஒரு பூங்காவை
வரைந்து தரச் சொன்னார்கள்.
எனக்கு ஓய்வு வர இன்னும் ஆறு வருடம்.

துணியில் ஒட்டிய பழைய வரைபடம் ஒன்று
நகராட்சி அலமாரியில் கிடந்தது.
கரப்பான் தின்றது போக மிச்சம்
ஒரு கிணறு, கொடிக்கம்பம், பன்னிரண்டு புங்கை,
கோணலாய் ஒரு வட்டம்.
வட்டத்துக்குள் எழுதியிருந்தது: பாறை.

பாறை இப்போது இல்லை.
எழுபத்தெட்டில் வெடிவைத்து எடுத்து
மெருகேற்றிக் கப்பலேற்றிவிட்டார்களாம்.
எந்த ஊர்க் கல்லறையில்
யார் பெயரைச் சுமந்து நிற்கிறதோ.
நடைபாதை மட்டும் இன்னும் அதைச் சுற்றித்தான் போகிறது.
கையில் பால் கவரோடு, காதில் போனோடு
பழையபேட்டை முழுக்க
அந்த இடத்தில் வளைந்து நடக்கிறது,
நாய்கூட.

நேராக்கினால் பதினான்கு மீட்டர் மிச்சம் என்றார்
பெங்களூரிலிருந்து வந்த ஆலோசகர்.
அவர் கணினியில் பூங்கா
ஏற்கெனவே 2055-க்குப் போயிருந்தது.
அங்கே ஒருவருக்கும் வியர்க்கவில்லை.
எல்லாக் குழந்தைகளிடமும் ஒரே பலூன்.

கருத்துக் கேட்புக் கூட்டம்.
மாங்கூழ் ஆலைகள் ஓடும் மாதம், ஆள் வரவில்லை.
சென்னகேசவன், கவுன்சிலர், இசை நீரூற்று கேட்டார்.
புங்கங்கொட்டை ஏலம் இனி உண்டா என்று
கமருத்தீன் கேட்டார், இரண்டு முறை.
பூங்காவைப் பெருக்கும் முனிரத்தினம்மா
துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து
வரைபடத்தில் விரல் வைத்தாள்.
"இது என்ன?"
பெண்கள் கழிப்பறை. கட்டம் மூன்று.
"எப்ப வரும்?"
2041.
"அதுவரைக்கும் அடக்கிக்கணுங்களா?"

யாரோ சிரித்தார்கள்.
அவள் சிரிக்கவில்லை. விரலை எடுக்கவுமில்லை.

அன்றிரவு நீரூற்றைத் தூக்கி மூன்றில் போட்டேன்.
கழிப்பறை ஒன்றுக்கு வந்தது.
ரப்பர் தூளை ஊதித் தள்ளியபோது
இந்த வேலையில் முதல்முறையாக
எதையோ கட்டியது போலிருந்தது.

மரம் வரைய ஒரு வழக்கம் உண்டு.
இன்றைய கன்றையல்ல,
முப்பது வருடம் கழித்து அது விரிக்கும் குடையைத்தான்
வட்டமாய்ப் போடவேண்டும்.
முழங்கால் உயரத்துக்குப் பத்து மீட்டர் வட்டம்.
தாளில் பூங்கா முழுக்க நிழல்.
வாசலுக்கு வந்தால் உச்சந்தலை கொதிக்கிறது,
மலைக்கோட்டைப் பாறை வாங்கிய வெயிலையெல்லாம்
திருப்பித் தந்துகொண்டிருக்கிறது.

வளைவை நேராக்கவில்லை.
அங்கே மரமும் போடவில்லை, பெஞ்சும் போடவில்லை.
காரணம் என்ற கட்டத்தில்
எதையாவது எழுதியாக வேண்டும்.
மழைநீர் வடிகால் என்று எழுதினேன்.
பொய்தான்.
மேலே மூன்று பேர் கையெழுத்திட்டார்கள்,
ஒருவரும் கேட்கவில்லை.

மறுவாரம் அதே வளைவில் எதிரே வந்தாள்
பெருக்கிக்கொண்டு.
"ஒண்ணுல போட்டுட்டேன்மா."
"எப்ப?"
"டெண்டர் விடணும்."
புழுதியை என் செருப்புப் பக்கமாகத் தள்ளிவிட்டு
வளைந்து போனாள்.