பாவை விழாத படம்

தாடையை இங்கே வையுங்கள்.
நெற்றி பட்டையில் ஒட்டட்டும்.
பெகா பெஸூலு, மேலே பாருங்கள்.
நாளைக்கு நாற்பது தடவை இதையே சொல்லிச் சொல்லி
என் ஸுலு
இந்த மூன்று வாக்கியத்தோடு நின்றுபோனது.

ஸ்டாங்கர் ஆஸ்பத்திரி, கண் பிரிவு.
மருந்துக் கிடங்காக இருந்த அறை,
ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்தது.
இன்னும் ஸ்பிரிட் வாசம் போகவில்லை.

என் ஆல்பத்தில் முகங்கள் கிடையாது.
இமைக்கு இமை, அவ்வளவுதான் எல்லை.
மூக்குப் பக்கமிருந்து வெள்ளைவிழியில் ஊர்ந்துவரும் சதை,
பால் திரிந்தாற்போல் புரை,
பந்தல் துணி அறுந்து தொங்கும் விழித்திரை,
அதன்மேல் நீரிழிவு தெறித்த குங்குமம்.
ஒருநாள் வாய்விட்டே சொல்லிவிட்டேன்
என்ன அழகு என்று.
அந்த அம்மாளுக்குத் தமிழ் தெரிந்திருந்தது.

டாக்டர் ஜாத்வத் படத்தைப் பெரிதாக்குவார்.
"புண்மேல் உங்கள் விளக்கு விழுந்திருக்கிறது.
நீங்களும் விழுந்திருக்கிறீர்கள். மறுபடி எடுங்கள்."
கருவிழி குவிந்த கண்ணாடி.
நோயாளியாகிவிட்டோம் என்று அதற்குத் தெரியாது,
எதிரில் நிற்பதைக் காட்டிக்கொண்டே இருக்கும்.
விளக்கைச் சாய்த்தேன், தோளை ஒடுக்கினேன்,
என் தலையை எங்கே ஒளிப்பது என்று கற்றேன்.
பாவை விழாத படமே நல்ல படம்.

கரும்பு வெட்டு தொடங்கிய வாரம் வந்தான்
பெகுமுஸி ஷெஸி, வயது முப்பத்தொன்று.
இடக்கண்ணில் தோகை கீறி ஒன்பது நாள்.
பெயருக்கு அர்த்தம் கேட்டேன்.
"வீட்டைப் பார்த்துக்கொள்" என்றான்.
"ஒரு கண்ணுக்கு எவ்வளவு வீடு தெரியுமோ."

மஞ்சள் சாயம் ஒரு சொட்டு. நீல விளக்கு.
புண் பச்சையாக எரிந்தது,
ஓரமெல்லாம் இறகு இறகாய்ப் பூஞ்சை,
கீறிய தோகை உள்ளே போய் முளைத்த மாதிரி.
திரையில் அதை வலக்கண்ணால் வெகுநேரம் பார்த்தான்.

இரண்டாம் வாரம் கருவிழிக்குக் கீழே சீழ் ஒரு பிறை.
மூன்றாம் வாரம் வரவில்லை, டாக்ஸிக்குக் காசில்லை.
நான்காம் வாரம் பிறை மெலிந்திருந்தது.
அமாவாசை ஆகும்வரை எடுத்தேன்.

ஜூலையில் ஒரு புதன் மின்சாரம் போனது.
ஜெனரேட்டர் ஆபரேஷன் அறைக்கு மட்டும்.
சொட்டு விட்டு மணி அகன்ற ஆறு பேர்
பெஞ்சில் காத்திருந்தார்கள்,
கதவெல்லாம் திறந்துபோட்டும்
விருந்தாளி வராத வீடுகளாய்.
டார்ச் அடிக்காதீர்கள், கூசும் என்றேன்.

இருட்டில் ஷெஸியின் குரல்:
"முதல் படத்தில், பச்சைக்கு நடுவே, ஒரு ஆள் இருந்ததே?"
நான்தான். அது தப்பான படம்.
எங்கள் பாஷையில் அதற்குப் பாவை என்று பெயர்,
கண்ணுக்குள் தெரியும் பொம்மை.
யோசித்தான் போல. பிறகு,
"எங்களுக்கு அது இன்ஹ்லாம்வு. தானிய மணி.
துப்பாக்கிக் குண்டுக்கும் அதே சொல்தான்."
எங்களுக்கும் மணிதான் என்றேன்.
குண்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
யாரோ இருமினார்கள்.

மின்சாரம் வந்தது. கடைசிப் படம்.
நகக்கண் அளவு வெள்ளைத் தழும்பு.
டாக்டருக்காக ஒன்று, ஒளிந்துகொண்டு.
அவன் கேட்டதால் இன்னொன்று, ஒளியாமல்:
நல்ல கருவிழியில் என் தோள் நேராக இருந்தது,
தழும்பு தொடங்கும் இடத்தில்
கழுத்து கோணி, தலை இரண்டாய்ப் பிரிந்து
ஒரு பாதி கரைந்துபோயிருந்தது.
அழிப்பதற்குமுன் அவனுக்குக் காட்டினேன்.
சிரித்தான்.

கதவருகே போனவன் திரும்பி நின்று
வலக்கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு
என்னைப் பார்த்தான்.
எவ்வளவு தெரிகிறது என்று
நான் கேட்கவில்லை.