அரை நூல்

ஜனவரியில் கெமி ஊரின் பகல்
இரண்டரை மணிக்கே கடை சாத்திவிடும்.
ஆறு மணிக்குப் பயிற்சி.
பெண்கள் மூன்றாம் பிரிவு, ஐஸ் ஹாக்கி.
நான் தடுப்பாட்டக்காரி. எண் இருபத்தேழு.
மற்ற நேரத்தில் துறைமுகத்தில்
காகிதச் சுருள்களைத் தூக்கும் கிரேன் ஓட்டுகிறேன்.

புது ஸ்கேட் வாங்கிப் பதினொரு நாள்.
பதினொரு நாளும் மல்லாக்க விழுந்தேன்.
யாரும் தள்ளவில்லை.
பக் எங்கேயோ, எதிராளி எங்கேயோ,
நான் மட்டும் நடு ஐஸில்
பாய் விரித்தாற்போல் படுத்திருப்பேன்.

"வயசாயிடுச்சு துயிரே" என்றாள் கோல்கீப்பர் ஹில்க்கா.
கம்பி முகமூடிக்குள் அவள் சிரிப்பு
கூண்டுக்கிளிபோல் கத்தியது.
போன மாதமும் எனக்கு
முப்பத்தொன்பதுதான்.

இரவு, சலவைக் கூடத்தில்
உலர்த்தி ஓடும் சத்தத்துக்கு நடுவே
மேசைமேல் இரண்டையும் நிறுத்தினேன்.
பழையது. புதியது.
கிரேன் பெட்டியிலிருந்து கொண்டுவந்த
ரசமட்டத்தை ஒவ்வொன்றின்
பாதம் படும் இடத்தில் வைத்தேன்.

புதியதில் குமிழி
நடுவுக்குப் பக்கத்திலேயே நின்றது, யோக்கியமாக.
பழையதில்
குதிகால் பக்கம் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது.

என்ன இது?
தலைகீழாகப் பிடித்துக் கத்தியைப் பார்த்தேன்.
முன்பாதி தேய்ந்திருந்தது,
பின்பாதி தேயவில்லை.
ஒன்பது வருடம்.
வாரம் ஒருமுறை யோனிதான் சாணை பிடிப்பான்,
விரல்நுனிப் பக்கம் அழுத்தி, குதிகாலில் அவசரமாக,
வீட்டுக்குப் போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே.
அவன் தின்றது இம்மி இம்மியாக,
எனக்குத் தெரியாமல், அவனுக்கும் தெரியாமல்.
ஸ்கேட் முன்னால் சாய்ந்தது.
முழங்கால் மடங்கியது.
இடுப்பு தாழ்ந்தது.
எல்லாரும் என் நிலையைப் பார்த்து
"பிறவியிலேயே வந்தது" என்றார்கள்.

ஒன்பது வருட என் நிதானம்
ஒருவன் பஸ் பிடிக்கும் அவசரத்தின்மேல்
நின்றுகொண்டிருந்திருக்கிறது.

யோனியிடம் சொன்னேன்.
"நானா? இருக்காது" என்றான்.
பிறகு பேசாமல்
ரிவெட் பிடுங்கும் இடுக்கியை எடுத்தான்.

குதிகாலுக்கும் கத்தி தாங்கிக்கும் இடையில்
வைக்க ஒரு தகடு வேண்டும்.
மீன் நறுக்கும் பிளாஸ்டிக் பலகையை
கத்தரித்துத் தந்தேன். கனம் ஒரு நூல்.
செப்பு ரிவெட் அறைந்தான். போட்டேன்.
இரண்டு அடி எடுத்தேன்,
மூன்றாம் அடியில் குப்புற விழுந்தேன்.
உதடு கிழிந்து, நாக்கில் ரத்தமும் ஐஸும்.

மல்லாக்கப் பதினொன்று, குப்புற ஒன்று.
ஹில்க்கா கணக்கு எழுதிவைத்தாள்,
கோல் கம்பத்தில், மெழுகுப் பென்சிலால்.

மறுபடி பிடுங்கினான்.
உப்புத்தாளில் தேய்த்தேன்,
கோழிக்குழம்பு நேரம் முழுக்க, ஒன்பது மணிச் செய்தி முழுக்க,
அரை நூல் ஆகும்வரை.
"இவ்வளவு சின்னது எதைத் தாங்கும்?" என்றான்.
என்னைத் தாங்கும் என்று சொல்லவில்லை.
தேய்த்துத் தேய்த்துக் கை வலித்தது,
பேச்சு வரவில்லை.

கட்டினேன்.
முட்டி தானாக மடங்கியது,
யாரோ நாற்காலி இழுத்துப் போட்டதுபோல.
பாரம் பாதத்தின் நடு மேட்டில் வந்து இறங்கியது.
பின்னால் சறுக்கினேன், திரும்பினேன், நின்றேன்.
நின்றேன் என்பதை
நின்ற பிறகுதான் கவனித்தேன்.

இடது பாதத் தகடு
இன்னும் கீச்சென்கிறது. ஒரு ரிவெட் சரியில்லை.
யோனி வெள்ளிக்கிழமை பார்க்கிறேன் என்றான்,
எந்த வெள்ளி என்று சொல்லவில்லை.

சனியன்று டோர்னியோவுடன் ஆட்டம்.
நாலுக்கு ஒன்று, தோற்றோம்.
மூன்றாம் பகுதியில் ஒரே ஒரு முறை விழுந்தேன்.
அவர்களுடைய ஒன்பதாம் எண்
தோளால் இடித்து, பலகையோடு சேர்த்து நசுக்கினாள்.
நியாயமான விழுகை.
எழுந்து அவள் தலைக்கவசத்தை
ஒருமுறை தட்டிக்கொடுத்தேன்.
அவளுக்குப் புரியவில்லை.